பாதியில் நின்றவர்கள் போட்ட பந்தி

கரும்பலகையின் கதை – 7

சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சிற்றுண்டி தொடங்கிய கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1920 செப்டம்பர் 16 அன்று பிட்டி தியாகராயர் தலைமையில் கூடிய மாநகராட்சி மன்றம், மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட ஒப்புதல் தந்தது. அங்கே படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை நிற்பதில்லை என்று தியாகராயர் மன்றத்தில் காரணம் சொன்னார். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குச் சிற்றுண்டி போனது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25ல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்கு. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்துவிட, 1925 ஏப்ரல் 1 முதல் அடுப்பு அணைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, சுமார் ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு மட்டும் அது மீண்டும் மூட்டப்பட்டது.

அந்த ஓரணா ஒரு மாநிலத்தின் கொள்கையாக வளர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு நிற்கிறார்கள் என்ற கேள்வி அரசுக் கோப்புகளில் நெடுங்காலமாக இருந்தது. பெற்றோரின் அறியாமை, அக்கறையின்மை, அறுவடைக் காலம் என்று பதில்களும் இருந்தன. அந்தக் கேள்விக்குத் தன் உடம்பிலேயே பதில் வைத்திருந்த ஒருவர் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் கதை திரும்பியது. ஒரு தலைமுறை கழித்து இன்னொருவர் வந்தார். முதலாமவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். இரண்டாமவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர்.

விருதுநகர் துணிக்கடை

காமராஜர் பிறந்தது 1903 ஜூலை 15. அவருக்கு ஆறு வயதாகும்போது தந்தை குமாரசாமி இறந்தார். தாய் சிவகாமி அம்மாளின் நகைகளை விற்ற பணத்தில்தான் குடும்பம் ஓடியது. பையன் படித்தது விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவில். அந்தப் பள்ளியின் வரலாறே தனிக் கவனத்துக்கு உரியது. ஊர் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். வீடுகளில் உலை வைக்கும் முன் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே போட்டு வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியும் மகமையும் சேர்ந்துதான் பள்ளியை நடத்தின. கட்டணம் கிடையாது.

கட்டணம் இல்லாத பள்ளியிலும் காமராஜரால் நிற்க முடியவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடைக்குப் போனார். இதை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும். சம்பளம் வாங்காத பள்ளி பாதி உதவிதான். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக்கூடிய நாலு காசு போய்விடுகிறதே, அதை யார் ஈடுகட்டுவது? ஏழை வீட்டில் படிப்பின் உண்மையான விலை அதுதான்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை வழியில் பார்த்த முதலமைச்சர் காரை நிறுத்தி, ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் இடம் மாறிச் சொல்லப்படுகிறது. அந்தச் சிறுவன் எந்த ஊரில் நின்றிருந்தாலும், அவன் சொன்ன பதில் விருதுநகர்க்காரருக்குப் புதிதாக இருந்திருக்காது.

அரை நாள் பள்ளி போய், முழு நாள் பள்ளி

1953 ஜூனில் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்தே இரண்டு முறைகளில் கூடுதல் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிடலாம் என்பது அரசின் கணக்கு. சவரம் செய்பவர் மகன் சவரமும், துணி வெளுப்பவர் மகன் வெளுப்பும்தான் கற்க வேண்டுமா என்று எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அப்போது வந்ததுதான். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சரானார். மே 18 அன்று திட்டம் கைவிடப்பட்டது.

திட்டத்தைக் கைவிட்டதோடு சிக்கல் தீரவில்லை. ராஜாஜியின் திட்டம் எந்த நிலைமையைக் காரணம் காட்டியதோ அது அப்படியேதான் இருந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள், பள்ளிகள் போதவில்லை, அரசிடம் பணம் குறைவு. வறுமைக்குத் தகுந்தபடி பள்ளி நேரத்தைச் சுருக்குவது ஒரு வழி. பள்ளிக்கு வரும்படி வறுமையின் பிடியைத் தளர்த்துவது இன்னொரு வழி. காமராஜர் இரண்டாவது வழியில் போனார். அதற்குத் துணையாக 1954ல் பொதுக் கல்வி இயக்குநராக வந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கத்துக்காரர். சுயமரியாதை இயக்கத்தில் ஊறியவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார்.

பள்ளி இல்லாத ஊர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் பள்ளி திறந்தால் மட்டும் பிள்ளை வராது என்பது இருவருக்கும் தெரியும். 1955 மார்ச்சில் சென்னையில் நடந்த ஆசிரியர் மாநாட்டில் மதிய உணவு பற்றிய தன் எண்ணத்தை முதலமைச்சர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு, பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

பத்துப் பைசா

இந்தத் திட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நயா பைசா வந்த பிறகு ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கணக்கிட்ட தொகை 10 பைசா. அதில் 6 பைசா அரசு தரும். 4 பைசாவை ஊர் தர வேண்டும். ஆண்டுக்கு 200 நாள் சாப்பாடு.

ஊரின் 4 பைசா பெரும்பாலும் பைசாவாக வரவில்லை. களத்துமேட்டில் நெல்லாக வந்தது. தோட்டத்துக் கத்தரிக்காயாக, பூசணிக்காயாக, விறகுக் கட்டாக வந்தது. வீடு வீடாகப் பிடி அரிசிக் கலயம் வைத்த ஊர்களும் உண்டு. விருதுநகரில் ஒரு சமூகம் தன் பள்ளிக்குச் செய்ததை இப்போது ஊர் முழுவதும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் செய்தது. காமராஜர் ஆட்சியின் கல்விப் பணியில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். அரசு தனியாகவும் செய்யவில்லை, ஊர் தலையில் கட்டிவிட்டு விலகவும் இல்லை. தன் அரிசி வேகும் பானையில் என்ன நடக்கிறது என்று ஊர் எட்டிப் பார்க்கும். தன் நெல்லைத் தின்னும் பிள்ளை நாளை பள்ளிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும்.

1958ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதே வழியில் அடுத்த அடியை எடுத்துவைத்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியல் போடுவார்கள். ஊரார் முன்வந்து கொடுப்பார்கள். பெஞ்சு, கடிகாரம், கூரைக்கு ஓடு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. உடுத்த ஒழுங்கான சட்டை இல்லாததால் வகுப்புக்கு வர வெட்கப்பட்ட பிள்ளைகளைச் சீருடை உள்ளே கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே துணியில் நிற்கும்போது யார் பண்ணையார் மகன், யார் பண்ணையாள் மகன் என்று உடை காட்டிக்கொடுக்காது.

குறைகளும் இருந்தன, அவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சாப்பாடு பள்ளியில் எல்லோருக்கும் கிடையாது, ஏழைகள் என்று தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். ஊர் செழிப்பாக இருந்தால் பானை நிறையும், வானம் பொய்த்தால் குறையும். எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊரில்தான் ஊர்ப் பங்கும் வற்றியது. சமையல், கணக்கு, சாமான் வாங்குவது எல்லாம் ஆசிரியர் தலையில் விழுந்தன. 1961ல் கேர் நிறுவனத்தின் உதவி வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கோதுமை ரவையும் பால் பவுடரும் எண்ணெயும் கிராமப் பள்ளிக்குள் நுழைந்தன. 1967லிருந்து மையச் சமையல் கூடங்கள் வந்தன. பந்தி நின்றுவிடவில்லை, ஆனால் வெளிநாட்டு மூட்டையும் உள்ளூர்த் தாராளமும் தாங்கும் அளவுக்குத்தான் அது நடந்தது.

நாடகக் கம்பெனிக்குப் போன பையன்

இப்போது கும்பகோணம். கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917ல் பிறந்த எம்.ஜி.ஆர்., தந்தை கோபால மேனன் இறந்த பின் தாய் சத்யபாமாவோடும் அண்ணன் சக்ரபாணியோடும் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். ஆனையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தார். அதோடு அண்ணனும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போது கலை ஆர்வத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்வார்கள். ஆனால் அங்கே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட தாய்மார்கள் முதலில் பார்த்தது வேறு. கம்பெனி வீட்டில் மூன்று வேளையும் இலை போடுவார்கள். பாட்டும் வசனமும் கூத்தும் அதற்குப் பிறகுதான். பள்ளிக்கூடம் தராத சோற்றை நாடகக் கம்பெனி தந்தது. பள்ளிக்கூடம் பிள்ளையை இழந்தது. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நடிகர்கள் பலர் இப்படி வந்தவர்கள்தான். புகழ் பெறாமல் அந்தக் கொட்டகைகளிலேயே காணாமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அழ மட்டுமே தெரிந்த வயதில் தான் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண்மணி கொடுத்த கஞ்சிதான் தங்களைச் சாவிலிருந்து காப்பாற்றியது என்பதையும் எம்.ஜி.ஆர். பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். சத்துணவுத் திட்டம் அந்த அனுபவத்தில் பிறந்தது என்றும் சொன்னார். ஒரு முதலமைச்சர் தன் அரசின் பெரும் செலவுத் திட்டத்துக்குக் காரணமாகத் தன் பசியைச் சொல்வது சிறிய விஷயம் இல்லை. நிதி வல்லுநர்கள் இவ்வளவு பணத்தைச் சோற்றில் கொட்டுவதா, ஆலை கட்டலாமே, சாலை போடலாமே என்று கேட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை.

1982 ஜூலை 1

அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சரின் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் கிராமப்புறம்: இரண்டு வயதுக் குழந்தை முதல் ஒன்பது வயதுப் பிள்ளை வரை. செப்டம்பர் 15ல் நகரங்களுக்கும் வந்தது. 1984 செப்டம்பரில் பதினைந்து வயது வரை நீண்டது.

காமராஜர் காலத்துக்கும் இதற்கும் மூன்று வேறுபாடுகள். ஒன்று, செலவு முழுவதும் அரசுடையது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் அடுப்பு எரியும். இரண்டு, பள்ளிக்கு வராத சின்னக் குழந்தைகளும் உள்ளே வந்தார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த அக்காவுக்கு இது பெரிய விடுதலை. குழந்தை மையத்தில் சின்னதை விட்டுவிட்டு அவள் வகுப்புக்குப் போகலாம். பெண் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கக் காரணம் தேடியவர்கள் இடுப்பில் இருந்த குழந்தையைக் கணக்கில் எடுத்தது இப்போதுதான். மூன்று, சமைப்பதற்கு என்றே ஆட்கள் வந்தார்கள். மையத்துக்கு ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஆசிரியரின் கையிலிருந்து கரண்டி இறங்கியது.

ஒரு மையத்தின் காலை நேரத்தைப் பாருங்கள். முதல் மணி அடித்து வருகைப் பதிவு முடிந்ததும் எண்ணிக்கை சமையல் கூடத்துக்கு வரும். அன்று வந்த தலைக்கு ஏற்ப அரிசி அளப்பார் அமைப்பாளர். கொட்டகைக்குள் விறகுப் புகையில் கண் எரிய எரிய ஆயா உலை வைப்பார். பதினோரு மணி வாக்கில் சாம்பார் தாளிக்கும் வாசனை இரண்டாம் வகுப்பு ஜன்னல் வழியே வரும்போது, கணக்குப் பாடம் நடத்தும் டீச்சருக்குத் தெரியும், இனி வாய்ப்பாடு ஏறாது என்று. புத்தகப் பைக்குள் தட்டும் சிலேட்டும் ஒன்றோடொன்று உரசும். மணி அடித்ததும் குழாயடியில் தட்டுக் கழுவ ஓட்டம். பிறகு தரையில் வரிசை.

அந்த வரிசை எளிதில் வந்ததில்லை. ஆயிரம் விளக்கில் அடுப்பு அணைந்த அதே 1925ல், சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்தது. யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, யார் கையால் சாப்பிடுவது என்ற கேள்வி சத்துணவு மையத்துக்குள்ளும் வந்தது. 2018லும் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள், வழக்குப் பதிவானது. இருந்தாலும், தினமும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே வரிசையில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுவது நூறு மேடைப் பேச்சைவிடப் பெரிய வேலையைச் செய்திருக்கிறது. அதைச் செய்துகொடுத்த சமையல் பெண்கள் தொகுப்பூதியத்தில் தொடங்கி ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பல ஆண்டுகள் தெருவில் நின்று போராட வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் அவர்களுக்கு இன்னும் தீர்க்காத கடன் இருக்கிறது.

முட்டை

திருவாரூரில் படித்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறாமல் போன மு. கருணாநிதி 1989ல் மீண்டும் முதலமைச்சரானபோது, எதிரணித் தலைவர் தொடங்கிய திட்டம் என்று சத்துணவை ஓரங்கட்டவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தார். 1998ல் அது வாரம் ஒன்றானது. 2010ல் வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

முட்டையின் சிறப்பு சத்தில் மட்டும் இல்லை. சாம்பாரில் தண்ணீர் கூடலாம், பருப்பு குறையலாம். பிள்ளையால் அதை நிரூபிக்க முடியாது. முட்டையை ஏய்க்க முடியாது. தட்டில் இருக்கிறது, அல்லது இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை வீட்டுக்குப் போய், இன்றைக்கு முட்டை போடவில்லை என்று சொல்லிவிடும். ஒரு திட்டத்தைக் கண்காணிக்கும் உரிமை அதன் கடைசிப் பயனாளியின் கைக்கே வந்தது.

தமிழ்நாட்டின் இந்த அனுபவம் டெல்லி வரை போயிற்று. 2001 நவம்பர் 28 அன்று, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள். காமராஜர் காலத்து 200 நாள் கணக்கு இந்தியாவின் சட்டக் கடமையில் இடம்பிடித்திருந்தது.

நிற்கும் இடம் மாறியது

சோறு ஒரு வாசலைக் காத்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து மூன்றாம் வகுப்பில் நிற்கும் பிள்ளைகளை அது பிடித்து வைத்தது. அதனால் பள்ளியை விட்டு நிற்பது ஒழிந்துவிடவில்லை. மேல் வகுப்புகளுக்கு நகர்ந்தது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூரில் படித்த பெண், உயர்நிலைப் பள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதால் நின்றாள். எட்டாவது முடித்தவள் கல்யாணப் பேச்சு வந்ததால் நின்றாள். பையன் பத்தாவதில் ஒரு பாடம் போனதும் பட்டறைக்கோ பனியன் கம்பெனிக்கோ போனான்.

ஒவ்வொரு இடத்துக்கும் தனித் திட்டம் தேவைப்பட்டது. 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய் என்றது. பின்னர் தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. எந்தத் திருமணத்தைக் காட்டிப் படிப்பை நிறுத்தினார்களோ, அந்தத் திருமணத்தையே படிப்புக்குக் காரணமாக்கிய யோசனை அது. 2001-02ல் ஜெயலலிதா அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு மேல்நிலை வகுப்பில் சைக்கிள் தந்தது. 2005-06ல் அது மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடத் தொடங்கியது. அதே மாதம் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவும் தொடங்கியது: 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில். விடியற்காலையில் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை மதியம் வரை வெறும் வயிற்றோடு இருந்ததை அதுவரை எந்தத் திட்டமும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது.

ஆட்சிகள் மாறின, கட்சிகள் மோதின. ஆனால் ஒருவர் மூட்டிய அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. சட்டமன்றத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசாத காலத்திலும் பிள்ளைகளின் தட்டில் ஒன்றைக் கூட்டினார்களே தவிரக் குறைக்கவில்லை. இந்தத் தொடரில் நாம் பார்க்கும் கல்வி வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க மரபு ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த மரபு நமக்குத் தரும் பாடமும் தெளிவானது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் மேல் குற்றம் தேடுவதை விட்டு, அது நின்ற இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வயிறா, உடையா, தூரமா, இடுப்பில் இருக்கும் தம்பியா, கல்யாணமா, தோற்றுப்போன ஒரு பாடமா? காரணம் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு தலைமுறைக்கு முன் கண்டுபிடித்த பதிலை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளையை நிறுத்தி வைக்க முடியாது. இன்று ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவில் தொடர்ந்து விழும் ஒரு பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்க் கேட்கும் ஆசிரியர்தான், ஆயிரம் விளக்குக் கதையை இன்று தொடர்ந்து எழுதுபவர்.

அவரைப் போன்றவர்கள் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஓர் இயக்கமாகவே திரண்டார்கள். ரங்காரெட்டி மாவட்டத்தின் பருத்தி வயல்களிலிருந்து வேலைக்காரப் பிள்ளைகளை வகுப்பறைக்கு அழைத்துவந்த சாந்தா சின்ஹாவையும், அவர்கள் நடத்திய இணைப்புக் கல்வி முகாம்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)